மூளையின் தடுப்பு வாங்கிகள்: வலிப்பில் முதல் ஐந்து நிமிடம் ஏன் அவ்வளவு முக்கியம்?

தலவாக்கலை டீச்சர்:

வணக்கம். தலவாக்கலைப் பக்கம் ஒரு பாடசாலையில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். போன கிழமை நரம்புத் தொகுதி. சோடியம் உள்ளே வருவது, கணத்தாக்கம் (நரம்பில் ஓடும் மின்சைகை) ஓடுவது, அடுத்த நரம்புக்கலம் தூண்டப்படுவது எல்லாம் ஆறுதலாகச் சொல்லி முடித்தேன். தடுப்பு வாங்கிகளுக்கு, அதாவது கலத்தை அடக்கும் செய்தியை ஏற்கும் புரதங்களுக்கு, என் குறிப்பில் இரண்டே வரி. அதை வாசித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போக இருந்தேன். பின் வாங்கிலிருந்து ஒரு பிள்ளை எழுந்தாள்.

"டீச்சர், ஒரு கலம் வேலை செய்யக்கூடாது என்றால் அதைச் சும்மா விட்டாலே போதுமே. நிறுத்துவதற்கென்று தனியாக ஒரு வாங்கி எதற்கு?"

நான் யோசிப்பதற்குள் அடுத்ததையும் கேட்டாள். "தம்பிக்கு வலிப்பு வந்தபோது ஆஸ்பத்திரியில் ஊசி போட்டதும் நின்றது. அந்த ஊசி எதைப் பிடித்து நிறுத்தியது?"

திங்கட்கிழமை சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். இரண்டு வரியில் முடிகிற விஷயம் இல்லை என்று இப்போதுதான் புரிகிறது. தெரிந்தவர்கள் உதவுங்கள். பாடநூலில் உள்ளபடி 'வாங்கி' என்றே எழுதினால் பிள்ளைகளுக்கும் காட்டலாம். தமிழ்நாட்டுப் புத்தகங்களில் வரும் 'ஏற்பி'யும் இதுதான்.

பேராதனை மாணவன்:

டீச்சர், முதல் கேள்விக்கு உங்கள் பிள்ளைகளின் காலையே உதாரணமாகக் காட்டலாம். காலை முன்னே நீட்டும்போது தொடையின் முன்பக்கத் தசை இழுக்கிறது. அதே நேரத்தில் பின்பக்கத் தசை தளர வேண்டும். இரண்டும் சேர்ந்து இழுத்தால் கால் கட்டையாகிவிடும், ஓர் அடி எடுத்து வைக்க முடியாது. பின்பக்கத் தசைக்குப் போகும் நரம்புக்கலத்தை முண்ணாணில் உள்ள ஒரு சிறிய இடைக்கலம் வேண்டுமென்றே அடக்கி வைக்கிறது. அது அனுப்பும் இரசாயனம் கிளைசீன். தசைகள் இப்படி மாறிமாறி அடங்குவதை விளக்கிய சார்ள்ஸ் செரிங்ரனுக்கு 1932 இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

மூளையில் நிலைமை இன்னும் நெருக்கடி. மூளையின் மேற்பட்டையில் பெரும்பாலான கலங்கள் ஒன்றையொன்று தூண்டுபவை. அ என்ற கலம் ஆ வைத் தூண்டும், ஆ இ யைத் தூண்டும், இ திரும்ப அ வையே தூண்டும். சும்மா விட்டால் அது நிற்காது, சுற்றிக்கொண்டே பெருகும். அதனால்தான் ஏறக்குறைய ஐந்தில் ஒரு கலம் தடுப்பதற்காகவே இருக்கிறது. அவை காபா என்ற சிறிய அமினோ அமிலத்தை வெளியிடுகின்றன. 1950 இல் மூளையில் இது இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், காபா செய்யப்படுவதே குளுட்டமேற்றிலிருந்துதான். மூளையின் முக்கியமான தூண்டும் செலுத்தி (செய்தி கடத்தும் இரசாயனம்) குளுட்டமேற்று. ஒரு நொதியம் அதிலிருந்து ஒரு காபொட்சைல் கூட்டத்தை நீக்கினால் அதுவே அடக்கும் செலுத்தியாகிவிடுகிறது.

காபா வந்து ஒட்டும் முக்கிய வாங்கியின் பெயர் காபா-ஏ. அது ஒரு வாசல். திறந்தால் குளோரைட்டு அயன்கள் உள்ளே போகும். அவை எதிரேற்றம் கொண்டவை, அதனால் கலத்தின் உட்பக்கம் மேலும் எதிராகும். தூண்டல் வந்தாலும் கணத்தாக்கம் தொடங்கும் மட்டத்தை எட்டாது. எல்லாம் சில மில்லிசெக்கன்களில் நடக்கிறது.

தலவாக்கலை டீச்சர்:

நன்றி தம்பி. அந்த வாசலின் அமைப்பையும் சொல்வீர்களா? பிள்ளைகளை வட்டமாக நிற்க வைத்துக் காட்டலாம் என்று நினைக்கிறேன்.

பேராதனை மாணவன்:

வட்டம் என்றால் சரியாக ஐந்து பேர். ஐந்து புரத உபஅலகுகள் தோளோடு தோள் சேர்ந்து நிற்கின்றன, நடுவில் உள்ள துளைதான் குளோரைட்டின் வழி. ஒவ்வோர் உபஅலகின் பெரிய தலைப்பகுதி கலத்துக்கு வெளியே நிற்கும். உடல் நான்கு தடவை மென்சவ்வைக் கடந்து வரும். அந்த நான்கு சுருள்களில் இரண்டாவதுதான் துளையின் சுவர்.

மனிதரில் இந்த உபஅலகுகளுக்கு 19 மரபணுக்கள் உண்டு: அல்பா ஆறு, பீற்றா மூன்று, காமா மூன்று, றோ மூன்று, டெல்டா, எப்சிலன், தீற்றா, பை ஒவ்வொன்று. மூளையில் அதிகம் காணப்படுவது இரண்டு அல்பா-1, இரண்டு பீற்றா-2, ஒரு காமா-2 சேர்ந்தது. சினாப்சிலிருந்து, அதாவது இரண்டு நரம்புக்கலங்கள் சந்திக்கும் இடைவெளியிலிருந்து, கீழே பார்த்தால், கடிகாரம் சுற்றும் திசைக்கு எதிராக காமா, பீற்றா, அல்பா, பீற்றா, அல்பா என்று நிற்கும்.

வகுப்பில் இப்படிச் செய்யுங்கள். ஐந்து பிள்ளைகளும் ஒருவர் வலது கையை அடுத்தவரின் இடது தோளில் வைக்கட்டும். கை வைக்கும் இடங்கள் ஐந்து. அவற்றில் பீற்றாவின் கை அல்பாவின் தோளில் படும் இடங்கள் இரண்டு. காபா ஒட்டுவது அந்த இரண்டில். இரண்டிலும் ஒட்டினால்தான் வாசல் நன்றாகத் திறக்கும். அல்பாவின் கை காமாவின் தோளில் படும் இடம் ஒன்றே ஒன்று. வலிப்பை நிறுத்த ஊசியாகப் போடும் டயசிபாம் போய் உட்காருவது அந்த ஒன்றில்.

இதே குடும்பத்துப் புரதங்கள்தான் கிளைசீன் வாங்கியும், தசையில் உள்ள அசற்றைல்கோலின் வாங்கியும். காபா-ஏ, கிளைசீன் இரண்டின் மரபணு வரிசைகளும் 1987 இல் வெளிவந்தன. முழு உருவத்தைப் பார்க்க நீண்ட காலம் எடுத்தது. 2014 இல் பீற்றா-3 மட்டும் ஐந்தாகச் சேர்ந்த வாங்கியின் பளிங்கு அமைப்பு வந்தது. மேலே சொன்ன கலப்பு வாங்கியை 2018 இல் உறைநிலை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்தார்கள். அந்தப் படங்களை முதலில் பார்த்த இரவு நான் நெடுநேரம் தூங்கவில்லை. மருந்து உட்காரும் மூலை கண்ணுக்கு முன்னால் தெரிகிறது.

ஆறாம் நம்பர் மலை:

நான் படித்தவள் இல்லை. பத்தாம் வகுப்போடு கொழுந்தெடுக்கப் போனேன். டயசிபாம் என்ற பேரைப் பார்த்ததால் எழுதுகிறேன்.

என் மகனுக்கு இரண்டு வயதில் காய்ச்சலோடு வலிப்பு வந்தது. மழை இரவு. லயத்தில் எல்லாரும் ஓடி வந்தார்கள். ஒருவர் கையில் இரும்புச் சாவி திணித்தார், ஒருவர் வாயில் கரண்டி வைக்கப் பார்த்தார். தோட்டத்து லொறிக்காரரைத் தேடிப் பிடித்து, மண் சரிந்திருந்த பாதையில் இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதுவரை கை கால் வெட்டிக்கொண்டே இருந்தது. அங்கே முதல் ஊசிக்கு நிற்கவில்லை. இரண்டாவதுக்கும் நிற்கவில்லை. வேறு மருந்து ஏற்றித்தான் நின்றது. "கொஞ்சம் முந்தி வந்திருந்தால் முதல் ஊசியிலேயே நின்றிருக்கும்" என்று ஒருவர் சொன்னார். அந்தச் சொல் இன்னும் நெஞ்சில் கிடக்கிறது. அதே ஊசி, அதே பிள்ளை. முந்திக் கொடுத்தால் ஏன் வேலை செய்யும், பிந்தினால் ஏன் செய்யாது?

பண்டாரவளை மருந்தாளர்:

தங்கச்சி, நான் முப்பது வருடம் மருந்தகத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் கேள்விக்கு உண்மையான பதில் இருக்கிறது. அதில் உங்கள் பிழை எதுவும் இல்லை.

முதலில் டயசிபாம் என்ன செய்கிறது என்று பார்ப்போம். அது வாசலைத் தானாகத் திறக்காது. காபா வந்து திறக்கும்போது, அடிக்கடி திறக்க உதவும். அவ்வளவுதான். ஆகவே அது வேலை செய்ய இரண்டு வேண்டும். காபா இருக்க வேண்டும், வாசலும் கலத்தின் வெளித்தோலில் இருக்க வேண்டும்.

வாசல் அங்கேதானே இருக்கும் என்று நினைப்போம். இல்லை. இந்த வாங்கிகள் சுவரில் பூசிய கல் மாதிரி நிற்பவை அல்ல. கலம் அவற்றை எப்போதும் உள்ளே இழுத்துக்கொண்டும் வெளியே அனுப்பிக்கொண்டும் இருக்கிறது. வெளியே வந்தவற்றை ஜெபிரின் என்ற புரதம் பிடித்து வைத்தால்தான் அவை சினாப்சுக்கு நேரே கூட்டமாக நிற்கும். வலிப்பு நீண்டுகொண்டே போனால் இந்தக் கணக்கு குழம்புகிறது. வாங்கியில் ஒட்டியிருந்த பொசுபேற்றுகள் கழன்றுவிடும். பிடி தளரும். வாங்கிகள் குமிழ்களுக்குள் அகப்பட்டுக் கலத்துக்குள் போய்விடும். எலிகளின் மூளையில் ஒரு மணி நேரம் வலிப்பு நீடித்த பிறகு அளந்து பார்த்தார்கள். ஒரு சினாப்சில் வேலை செய்யும் காபா-ஏ வாங்கிகள் சுமார் 36 இலிருந்து சுமார் 18 ஆகக் குறைந்திருந்தன. பாதி.

முதலில் உள்ளே போவது காமா-2 உள்ளவை. டயசிபாம் உட்காரும் மூலை அவற்றில்தானே இருக்கிறது. மருந்து இரத்தத்தில் இருந்தது, மூளைக்கும் போனது, உட்கார இடம் குறைந்துவிட்டது. அதே நேரத்தில் குளுட்டமேற்றின் என்எம்டிஏ வாங்கிகள் வெளித்தோலில் கூடுகின்றன. ஒரு பக்கம் அடக்கம் குறைய, மறுபக்கம் தூண்டல் கூடுகிறது. அதனால்தான் பிந்திய நிலையில் டொக்டர்மார் வேறு வழியில் வேலை செய்யும் மருந்துகளுக்குப் போகிறார்கள்.

உடல் முழுக்க வெட்டும் வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் தானாக நிற்காது என்று எடுத்துக்கொண்டு சிகிச்சை தொடங்க வேண்டும் என்று 2015 இல் சர்வதேச வலிப்பு நோய்க்கு எதிரான கழகம் வரையறுத்தது. முப்பது நிமிடம் தாண்டினால் நிரந்தரப் பாதிப்பு வரக்கூடும் என்றும் சொன்னது. நகரத்தில் ஐந்து நிமிடம் என்பது ஓட்டோவைக் கூப்பிடும் நேரம். நமக்கு அது லயத்திலிருந்து பெரிய பாதைக்கு நடக்கவே போதாது. பாதையும் வாகனமும் இல்லாத தோட்டத்தில் ஒரு பிள்ளையின் மூளையில் வாங்கிகள் ஒவ்வொன்றாக உள்ளே போய்க்கொண்டிருக்கின்றன. இதை நான் கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன், இங்கும் சொல்கிறேன்.

ஆறாம் நம்பர் மலை:

ஐயா, இதை இத்தனை வருடத்தில் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. இரண்டு தடவை வாசித்தேன். அவன் இப்போது நன்றாக இருக்கிறான், எட்டு வயது. ஆனால் காய்ச்சல் வந்தாலே எனக்குக் கை நடுங்குகிறது. இரும்பு கொடுப்பதில் ஏதாவது இருக்கிறதா?

பண்டாரவளை மருந்தாளர்:

இரும்பில் ஒன்றும் இல்லை அம்மா. பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிடத்தில் தானாக நிற்கும், சாவி தேடி எடுத்துக் கொடுக்கிற நேரமும் அதுதான். சாவியால் நின்றது என்று தோன்றும்.

ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் வைக்க வேண்டாம், கரண்டியும் தண்ணீரும் கூடாது. கை காலை அமுக்கிப் பிடிக்க வேண்டாம். தொடங்கிய நேரத்தை ஒருவர் பார்க்கட்டும். வாகனத்துக்கு ஐந்து நிமிடம் வரை காத்திருக்க வேண்டாம், நமது பாதைக்கு உடனேயே ஆள் அனுப்புங்கள். 1990 என்ற அம்புலன்ஸ் எண்ணுக்கு அழையுங்கள். கன்னத்துக்குள் அல்லது மலவாசல் வழியாகக் கொடுக்கும் மருந்து உங்கள் பிள்ளைக்கு வீட்டில் வைத்திருக்கத் தேவையா என்று கிளினிக்கில் கேளுங்கள். அதை டொக்டர் தீர்மானிக்க வேண்டும்.

எட்டு வயதாகிவிட்டதே, காய்ச்சல் வலிப்பு பொதுவாக ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை வருவது. பெரும்பாலான பிள்ளைகள் அதைக் கடந்துவிடுவார்கள்.

கொழுந்து மடுவம்:

என் சித்தப்பா தினமும் குடிப்பவர். ஒரு கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டுவிட்டு அன்றே ஒரேயடியாக நிறுத்தினார். வீட்டில் எல்லோருக்கும் சந்தோசம். இரண்டாம் நாள் விழுந்து வெட்டினார். சாமி குற்றம் என்று பேசினார்கள். இதுவும் அந்த வாசல் சம்பந்தப்பட்டதா?

பேராதனை மாணவன்:

ஆமாம் அண்ணே, இதுவும் அதே வாசல்தான். மதுசாரம் காபா-ஏ யின் வேலையைக் கூட்டும். வருடக்கணக்கில் தினமும் அப்படி நடந்தால் மூளை ஈடுகட்டிக்கொள்ளும். காபா-ஏ யின் பலம் குறையும், குளுட்டமேற்றின் பக்கம் கூடும். மது உள்ளவரை தராசு சமமாக நிற்கும். திடீரென்று எடுத்தால் அடக்கும் பக்கம் வெறுமையாகிவிடும். கடைசிக் குடிக்குப் பிறகு ஆறு மணியிலிருந்து நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். அதன் பின் நடுக்கம், குழப்பம், இல்லாததைப் பார்ப்பது வரலாம். அது உயிருக்கே ஆபத்து. ஆஸ்பத்திரியில் டயசிபாம் மாதிரி மருந்தைக் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள். நிறுத்த நினைப்பவரைத் தடுக்காதீர்கள், ஆனால் நிறுத்தும் முன் டொக்டரிடம் கூட்டிப் போங்கள்.

இதே காரணத்தால் வலிப்பு மாத்திரையையும் திடீரென விடக்கூடாது. கிளினிக் போனால் அன்றைய பேர் (நாட்கூலி) போய்விடும் என்று மாதத்தைத் தள்ளிப்போடுகிறவர்களை எனக்குத் தெரியும். பினோபார்பிட்டோனில் இது இன்னும் கவனம். அது வாசலை நீண்ட நேரம் திறந்து வைக்கும். அளவு மிஞ்சினால் காபா இல்லாமலே திறக்கும், மூச்சு அடங்கிப் போகலாம். மதுவோடு சேர்த்தால் அதைவிடக் கூடுதல். 1912 இலிருந்து பாவனையில் உள்ள பழைய மருந்து, பலருக்கு இன்றும் உதவுகிறது. ஆனால் அடக்கத்தை அளவோடு தர வேண்டும்.

டிக்கோயா டிஸ்பென்சரி:

காசநோய்க்கு ஐசோநயசிட் கொடுக்கும்போது பி-6 விற்றமினும் சேர்த்துத் தருகிறோம். நரம்பு விறைக்காமல் இருக்க என்று படித்தேன். அதற்கும் இந்த விடயத்துக்கும் தொடர்பு உண்டா?

பேராதனை மாணவன்:

உண்டு ஐயா. குளுட்டமேற்றைக் காபாவாக்கும் நொதியத்துக்கு பி-6 இலிருந்து வரும் துணைநொதி தேவை. ஐசோநயசிட் அதைக் குறைக்கும். அளவுக்கு மீறி விழுங்கினால் காபா உற்பத்தியே நின்று, மருந்துக்கு அடங்காத வலிப்பு வரும். அந்த நேரத்தில் பி-6 ஐ நாளத்தில் ஏற்றுவதே மாற்று மருந்து. டயசிபாம் ஏன் தனியே போதாது என்று மருந்தாளர் ஐயா சொன்னதிலிருந்தே தெரியும், கூட்டுவதற்குக் காபா வேண்டுமே.

கொழுந்து மடுவம்:

கவ்வாத்துக் கத்தி வெட்டினால் ஏற்புவலி (டெட்டனஸ்) ஊசி போடச் சொல்வதும் இதுதானா?

பண்டாரவளை மருந்தாளர்:

நல்ல கேள்வி. இதை டீச்சர் வகுப்பில் எட்டிக்காயோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். ஏற்புவலி நஞ்சு காயத்திலிருந்து நரம்பு வழியாக முண்ணாணுக்கு ஏறி, தடுப்புக் கலங்களுக்குள் புகுந்து, கிளைசீனும் காபாவும் வெளிவரத் தேவையான புரதத்தைத் துண்டிக்கிறது. வாங்கிகள் நன்றாக இருக்கின்றன, செய்தி வருவதில்லை. எட்டி மரத்தின் விதையில் உள்ள ஸ்ட்ரிக்னின் மறுபக்கம் வேலை செய்கிறது. செய்தி வருகிறது, கிளைசீன் வாங்கியில் ஸ்ட்ரிக்னின் முந்தி உட்கார்ந்திருக்கிறது. இரண்டிலும் முடிவு ஒன்றே. தாடை இறுகும், முதுகு வில்லாக வளையும், ஒரு சின்னச் சத்தத்துக்கும் உடம்பு துடிக்கும். "எட்டி பழுத்தால் என்ன, ஈயாதார் வாழ்ந்தால் என்ன" என்று நம் முன்னோர் சொன்ன அந்த மரம்தான். நம் குளிருக்கு வராது, கீழே வறண்ட பக்கம் வளரும். காகம்கொல்லி விதையின் பிக்ரொடொக்சினும் இதே வகை, காபா-ஏ துளையை அடைத்துவிடும்.

நஞ்சு நரம்புக்குள் போன பின் எதிர்மருந்தால் அதை எடுக்க முடியாது. அதனால்தான் தடுப்பூசி. இலங்கையின் மயக்கமருந்து மருத்துவர்கள் 40 ஏற்புவலி நோயாளிகளுக்கு மக்னீசியம் சல்பேற்று ஏற்றிப் பெற்ற அனுபவத்தை 2002 இல் எழுதினார்கள், உலகம் கவனித்த வேலை அது.

பனிக்கால மாணவி:

நான் அந்த வகுப்பில் படிக்கிறவள். டீச்சர் இணைப்பை அனுப்பினார். ஒரு சந்தேகம். குளோரைட்டு எப்போதும் உள்ளேதான் போகுமா? வாசல் என்றால் இரண்டு பக்கமும் திறக்குமே.

பேராதனை மாணவன்:

தங்கச்சி, மேலே நான் "உள்ளே போகும்" என்று எழுதியது முழு உண்மை இல்லை, திருத்துகிறேன். வாசல் திசை பார்க்காது. எந்தப் பக்கம் போவது என்பதைக் கலத்துக்குள் ஏற்கெனவே எவ்வளவு குளோரைட்டு இருக்கிறது என்பது தீர்மானிக்கும். வளர்ந்த கலத்தில் கேசிசி-2 என்ற காவிப் புரதம் குளோரைட்டை வெளியே தள்ளிக்கொண்டே இருப்பதால் உள்ளே குறைவு. ஆகவே உள்ளே போகும். கருவிலும் பிறந்த புதிதிலும் கேசிசி-2 குறைவு, உள்ளே கொண்டுவரும் என்கேசிசி-1 கூடுதல். அப்போது அதே வாசல் திறந்தால் குளோரைட்டு வெளியேறும், கலம் தூண்டப்படும். குழந்தை மூளை வளரும்போது இந்தத் தூண்டல் உதவுகிறது. பச்சைக் குழந்தைகளின் வலிப்புக்குச் சில மருந்துகள் சரிவர வேலை செய்யாததற்கு இதுவும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

காபா-பி என்று இன்னொன்றும் உண்டு. அது வாசல் இல்லை. இரண்டு புரதங்கள் சோடியாகி, ஜி-புரதம் வழியாக வேறு வாசல்களுக்குச் சொல்லி அனுப்பும்: பொற்றாசிய வாசலைத் திற, கல்சிய வாசலை மூடு. மெதுவானது, நீடித்து நிற்பது. தசை இறுக்கத்துக்குத் தரும் பக்லோபன் வேலை செய்வது இதில்தான்.

ஆறாம் நம்பர் மலை:

கடைசியாக ஒன்று. காய்ச்சல் ஏன் வலிப்பைக் கொண்டு வருகிறது? குடும்பத்தில் வரும் என்கிறார்களே.

பேராதனை மாணவன்:

அக்கா, எல்லாக் குழந்தைகளுக்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. ஆனால் ஒரு வழி நன்றாகத் தெரிந்தது. 2001 இல் ஒரு அவுஸ்திரேலியக் குடும்பத்தில் காய்ச்சல் வலிப்பும் இன்னொரு வகை வலிப்பும் சேர்ந்து வருவதைப் பார்த்து, காமா-2 இன் மரபணுவில் ஒரு மாற்றத்தைக் கண்டுபிடித்தார்கள். பிறகு ஆய்வுகூடக் கலங்களில் அப்படி மாறிய காமா-2 உடைய வாங்கிகளைச் சூடாக்கிப் பார்த்தார்கள். வெப்பம் கூடக் கூட, வெளித்தோலில் நிற்கும் வாங்கிகள் விரைவாகக் குறைந்தன. மாற்றம் இல்லாதவை அப்படிக் குறையவில்லை. இது சில குடும்பங்களில் மட்டும். உங்கள் மகனுக்கு இது இருப்பதாக நினைக்க வேண்டாம்.

தலவாக்கலை டீச்சர்:

இன்று வகுப்பு முடிந்தது. ஐந்து பேரை முற்றத்தில் வட்டமாக நிறுத்தினேன். பீற்றாவின் கை அல்பாவின் தோளில் படும் இடங்களில் இரண்டு பிள்ளைகள் தேயிலை இலையை வைத்தார்கள், அதுதான் காபா. அல்பாவுக்கும் காமாவுக்கும் நடுவில் ஒரு சோக்குத் துண்டு. பிறகு காமாவாக நின்ற பிள்ளையை மெல்லக் கையைப் பிடித்து வட்டத்திலிருந்து கூட்டிப் போனேன். சோக்குத் துண்டு கீழே விழுந்தது.

கேள்வி கேட்ட பிள்ளை கீழே குனிந்து அதை எடுத்து, என்னிடம் தராமல் கையில் வைத்திருந்தாள். "தம்பிக்கு எத்தனை நிமிடத்தில் ஊசி போட்டார்கள் என்று வீட்டில் கேட்கிறேன் டீச்சர்" என்றாள்.

ஆறாம் நம்பர் மலை:

எங்கள் லயத்துச் சுவரில் மருந்தாளர் ஐயா சொன்னதைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிட்டேன். லொறிக்காரர் நம்பரும் 1990 உம் அதற்குக் கீழே.